தையல் பிரிக்கும் வரை

பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

ராத்திரி பத்து மணிக்கு மேல் கால்நடை மருத்துவர்களின் செல்போனுக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை உண்டு. எடுத்த எடுப்பிலேயே குரல் உடைந்திருக்கும். “டாக்டர், காலையில ஆபரேஷன் பண்ணிக் கூட்டிட்டு வந்தோமே... நடுங்கிக்கிட்டே இருக்கா டாக்டர். கண்ணு திறந்திருக்கு, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. படுத்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா. பயமா இருக்கு டாக்டர்.” பின்னணியில் வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்கும். யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அந்த நாய் பெரும்பாலும் மறுநாள் காலை எழுந்து வாலாட்டிவிடும். மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது வேறொரு நாளைப் பற்றி. நான்காம் நாள் காலை, காலிங் பெல் அடித்ததும் சோபாவிலிருந்து வாசலுக்கு ஒரே தாவாகத் தாவும் நாயை நினைத்துத்தான் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அன்றைக்கு யாரும் போன் செய்வதில்லை. “பழையபடி ஆயிட்டா” என்று வீடே நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிடுகிறது.

கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு நாம் படும் கவலை வீண் கவலை அல்ல. ஆபரேஷன் முடிந்த நாயை ஆற வைப்பதே அந்தக் கவலைதான். அது தேவைப்படுகிற நாளுக்கு முன்னாலேயே செலவாகிவிடுவதுதான் சிக்கல்.

வயிற்றுக்குள் நடந்தது என்ன?

பெண்களுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் கருக்குழாயை அடைப்பதோடு வேலை முடிந்துவிடும். பெண் நாய்க்கு வழக்கமாகச் செய்வது அதைவிடப் பெரிய ஆபரேஷன். இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் சேர்த்தே வெளியே எடுத்துவிடுகிறார்கள். தொப்புளுக்குக் கீழே வயிற்றின் நடுக்கோட்டில் கீறி, சினைப்பைகளுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களை இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்டி, கருப்பையின் அடியில் இன்னொரு கட்டுப் போட்டு வெட்டி எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் சுவர், தோலுக்கு அடியிலுள்ள திசு, தோல் என்று அடுக்கடுக்காகத் தையல். நம் கண்ணுக்குத் தெரிவது கடைசி அடுக்கு மட்டும்தான். உடம்பின் பாரத்தையெல்லாம் தாங்குவது உள்ளே இருக்கும் வயிற்றுச் சுவரின் தையல்.

1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை முதல் தெருமுனை கிளினிக் வரை வழக்கமாக நடக்கும் ஆபரேஷன் இது. பழகிய கைக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காது. ஆனாலும் வயிற்றைத் திறந்து மூடுகிற பெரிய ஆபரேஷன்தான் என்பதை வீட்டில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

நம் ஊரில் ஆபரேஷனுக்கு முன்பே கவனிக்க வேண்டிய ஒன்று, உண்ணி. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி ரத்தத்தில் பிளேட்லெட்டுகளைக் குறைத்துவிடும். வெளிப்பார்வைக்கு நாய் துறுதுறுவென்று இருக்கும்; கத்தி பட்டதும் ரத்தம் உறையாது. அதனால்தான் பல மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தேதி கொடுப்பதில்லை. அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய் என்றால் இனத்தையும் சொல்லிவிடுங்கள். உடம்பில் கொழுப்பே இல்லாத இத்தகைய நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும். தேதி வாங்கும்போது காலண்டரையும் பாருங்கள். தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கட்டிலுக்கு அடியில் பாயும் நாய்க்கு வயிற்றில் புதுத் தையல் இருக்கக் கூடாது.

முதல் ராத்திரி

அன்று இரவு வீட்டை அலற வைக்கும் காட்சிகளில் பாதி மருந்தின் வேலை. கெட்டமைன் கொடுத்திருந்தால் நாயின் கண் திறந்தே இருக்கும், பார்வை எங்கோ நிலைத்திருக்கும். மயக்கம் தெளியும்போது தலையை ஆட்டும், எச்சில் ஒழுகும், ஈனக் குரலில் முனகும். அந்த முனகல் எல்லாமே வலி அல்ல. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத குழப்பமும் அதில் இருக்கிறது. சைலசின் என்ற மருந்து சிறுநீரைக் கூட்டும். அதோடு டிரிப்ஸும் ஏறியிருக்கும். படுத்த இடம் நனைவதில் ஆச்சரியம் இல்லை. மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருந்தால் ஓரிரு நாள் லேசான இருமல் வரும். ஓரிரு முறை வாந்தி எடுக்கலாம்.

நடுக்கத்துக்குக் காரணம் குளிர். மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறனை இழக்கிறது. சென்னை வெயிலிலும் இது நடக்கும். பழைய பருத்திப் புடவையோ போர்வையோ போர்த்தினால் போதும். வெந்நீர்ப் பையை உடம்போடு ஒட்டி வைக்க வேண்டாம். சுட்டால் நகரத் தெரியாத நிலையில் இருக்கிறது. கட்டிலிலோ சோபாவிலோ படுக்க வைக்க வேண்டாம், உருண்டு விழும். தரையில் பாய் விரித்து, வெளிச்சம் குறைவான மூலையில் படுக்க வைத்து, அசையாமல் கிடந்தால் அவ்வப்போது பக்கம் மாற்றிவிடுங்கள்.

தலை நிற்கும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாசத்தில் பால் புகட்டப் போய், அது நுரையீரலுக்குள் இறங்கினால் இல்லாத ஆபத்தை நாமே வரவழைத்ததாகும். எழுந்து நின்று தானாகத் தேடும்போது கொஞ்சம் தண்ணீர். அது வயிற்றில் தங்கினால் வழக்கத்தில் கால் பங்கு சோறு. அன்று சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

ஈறு சொல்லும் சேதி

அந்த முதல் ராத்திரியில் உண்மையாகவே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே போட்ட கட்டு நழுவி, வயிற்றுக்குள் ரத்தம் கசிவது. அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். இதை நடுக்கத்தை வைத்தோ முனகலை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. ஈறைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

மேல் உதட்டை மெல்லத் தூக்குங்கள். கோரைப் பல்லுக்கு மேலே ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் ஒரு நொடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். அப்படியானால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்துச் சிவப்பைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாளே இதை ஒருமுறை செய்து பார்த்து, உங்கள் நாயின் ஈறு சாதாரணமாக என்ன நிறம் என்று மனதில் பதித்துக்கொள்வது நல்லது. முதல் இரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்கலாம்.

ஈறு சுண்ணாம்பாக வெளுத்து, வயிறு உப்பி, மூச்சு வேகமாகி, தெளிந்துவந்த நாய் மறுபடி துவண்டால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஈறு சிவப்பாக இருந்து, மணிக்கு மணி தெளிவு கூடிக்கொண்டே வந்தால் நடுக்கத்தைப் பார்த்து நீங்கள் நடுங்க வேண்டியதில்லை.

நான்காம் நாள் துள்ளல்

இரண்டாம் நாள் வாலாட்டும். மூன்றாம் நாள் தட்டைக் காலி செய்யும். நான்காம் நாள் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். வலி மருந்து நன்றாக வேலை செய்கிறது; தவிர, வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது நாயின் இயல்பு. வீட்டுக்கு நிம்மதி வருகிறது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பைக் கழற்றிவிடுகிறார்கள், மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகிறார்கள்.

உள்ளே நிலவரம் வேறு. வெட்டுப்பட்ட திசு முதல் சில நாள் தன் சொந்த பலத்தில் நிற்பதே இல்லை, நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நாள்களில் உடம்பு காயத்தைச் சுத்தம் செய்யும் வேலையில்தான் இருக்கிறது. அதன் பிறகே கொலாஜன் இழைகள் மும்முரமாக உருவாகத் தொடங்குகின்றன. மூன்று வாரம் கழித்தும் காயத்தின் பலம், அது கடைசியில் எட்டப்போகும் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வந்திருக்கும். கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் பலகையைப் பிரிக்காமல் விடுகிறோமே, அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

தாவும்போது வயிற்றுச் சுவர் இழுபடுகிறது. உள்தையல் விட்டால் தோல் மூடியிருக்கும்போதே அடியில் மெத்தென்று ஒரு புடைப்பு தள்ளும். அதோடு தோல் தையலும் விட்டால் கொழுப்போ குடலோ வெளியே வரும். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்படி நடந்துவிட்டால் எதையும் உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான துணியை ஈரப்படுத்தி மேலே சுற்றி, நாய் வாயை அங்கே கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இதைத் தடுக்க ஒரு கயிறு போதும். 10 முதல் 14 நாள் வரை, வீட்டுக்குள்ளும் சங்கிலி. ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும் வாசல் வரை நடை. லிஃப்ட் இல்லாத அடுக்குமாடி என்றால் தூக்கித்தான் போக வேண்டும். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்னந்தொடையை அணைத்தபடி. வயிற்றில் கை படக் கூடாது. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் இரண்டையும் பிரித்து வையுங்கள். விளையாட்டை மட்டும் சொல்லவில்லை. அது பாசத்தோடு வந்து தையலை நக்கிவிடும். துறுதுறுப்பான இளம் நாயை இப்படி அடக்கி வைப்பது சாதாரண வேலை அல்ல. சோற்றைத் துணிச் சுருளில் ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்க விடலாம், கடிக்க ஏதாவது கொடுக்கலாம். உடம்புக்கு ஓட்டம் இல்லாத நாளில் மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் அசந்து தூங்கும்.

கூம்பைக் கழற்றாதீர்கள்

கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு கதவில் முட்டி, சுவரில் இடித்து, நம்மைப் பாவமாகப் பார்க்கும் நாயைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. ஆனாலும் கழற்றக் கூடாது. நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அந்த வாயில் கிருமிகளும் இருக்கின்றன. நாக்கு சொரசொரவென்று தையலைத் தேய்க்கும். முன்பற்கள் முடிச்சைப் பிடித்து இழுக்கும். வீட்டார் தூங்கும் நேரத்தில் ஒரு நாய் தன் தையல் முழுவதையும் பிரித்துவிட முடியும்.

கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும். கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். சாப்பிட முடியாமல் தவித்தால் தட்டை ஒரு பலகை மேல் உயர்த்தி வைக்கலாம், அல்லது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் கழற்றலாம். பருத்தித் துணியில் தைத்த உடுப்பும் சில நாய்களுக்கு உதவும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

தையலைப் பார்க்கும் விதம்

காலை, மாலை இருவேளையும் நல்ல வெளிச்சத்தில் நாயை மல்லாக்கச் சாய்த்துத் தையலைப் பாருங்கள். தினமும் ஒரே கோணத்தில் செல்போனில் படம் எடுத்து வைத்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மருத்துவருக்கு அனுப்பவும் உதவும்.

முதல் இரண்டு, மூன்று நாள் விளிம்பில் லேசான சிவப்பும் வீக்கமும் இருக்கும். சுற்றிலும் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கலாம். முதல் நாள் இளஞ்சிவப்பு நீர் ஓரிரு சொட்டுக் கசியலாம். தையலுக்கு அடியில் கயிறு போலக் கட்டியாக ஒரு கோடு கைக்குத் தட்டுப்படும். உள்நூலைச் சுற்றி உடம்பு ஆறுகிற அடையாளம் அது. நாய் அதிகமாக ஆடினால் தோலுக்கு அடியில் நீர் கோத்து மெத்தென்று வீங்கும். இது பெரும்பாலும் தானாக வற்றும். ஆனாலும் உள்தையல் விட்ட வீக்கமும் இப்படித்தான் தெரியும் என்பதால், எது என்று தீர்மானிப்பதை மருத்துவரிடம் விடுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் கூடுவது, தொட்டால் சுடுவது, மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ், நாற்றம், விளிம்பு விலகல் எல்லாம் அன்றைக்கே காட்ட வேண்டியவை.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை, விபூதி எதுவும் தையலில் பட வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு மருந்தும் வேண்டாம். தையல் பிரிக்கும்வரை குளியல் கிடையாது. நம் ஊருக்கே உரிய இன்னோர் எதிரி, ஈ. ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். ஈ அண்டாத, ஈரம் இல்லாத, ஃபேன் காற்று படும் இடத்தில் நாய் இருக்கட்டும். மழைக்காலத்தில் தரைத்தளத்து வீடுகளில் விரிப்பை அடிக்கடி மாற்ற வேண்டும்.

நம் மாத்திரை அதற்கு விஷம்

நாய் முனகுகிறது, கையில் பாராசிட்டமால் இருக்கிறது, குழந்தைக்குக் கொடுப்பதைப் போலக் கால் மாத்திரை கொடுத்தால் என்ன? கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் பாதிக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் இரைப்பையில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெலாக்ஸிகாம் போன்றவற்றை மருத்துவர் எடை பார்த்து எழுதுவார். அந்த அளவில், சாப்பாட்டோடு, சொன்ன நாள்வரை மட்டும். வலி குறையவில்லை என்று தோன்றினால் போன் செய்யுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டிய அவசியம் எந்த நாய்க்கும் இல்லை.

இரண்டு, மூன்று நாள் மலம் போகாமல் இருந்தால் பதற வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் பட்டினி, பிறகு அரைவயிறு; போக ஒன்றும் இருக்காது. சிறுநீர் ஒரு நாளுக்குள் போயாக வேண்டும். சில நாய்கள் ஒரு வாரத்துக்குள் திடீரென்று மூலையில் துணியைச் சேர்த்துப் படுக்கை போடும். பொம்மையைக் குட்டியாக நினைத்துக் காக்கும். மடியில் பால்கூடச் சுரக்கும். ஹீட் எனும் சினைப்பருவம் முடிந்த சில வாரங்களில் ஆபரேஷன் செய்தால், ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் இப்படி ஆகலாம். மடியைப் பிதுக்காமல், நக்க விடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தானாக அடங்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு?

“நல்லா இருந்த நாயை நாமே கத்திக்குக் கொடுத்துட்டோமே” என்ற குற்ற உணர்ச்சி அந்த ராத்திரியில் பலருக்கும் வரும். அதற்குப் பதில் கருப்பையில் இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயது ஏற ஏற, ஹீட் முடிந்த சில வாரங்களில் கருப்பைக்குள் சீழ் கோத்துக்கொள்ளும் பயோமெட்ரா என்ற நோய் வரும். கருத்தடை செய்யும் வழக்கம் அதிகம் இல்லாத ஸ்வீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய்க்கு 10 வயதுக்குள் இது வந்திருந்தது. அப்போதும் செய்ய வேண்டியது இதே ஆபரேஷன்தான். ஆனால் காய்ச்சலும் நஞ்சும் ஏறிய வயதான உடம்பில். முன்கூட்டியே செய்தால் மடியில் கட்டி வரும் வாய்ப்பும் குறைகிறது.

மறுபக்கமும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தேவைப்படும் உணவு குறையும். பழைய அளவிலேயே போட்டால் குண்டாகும். பெரிய இன நாய்களில் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் கசியலாம். மிக இளம் வயதில் செய்தால் சில பெரிய இனங்களில் மூட்டுப் பிரச்சினை கூடுவதாக ஆய்வுகள் சொல்வதால், அவற்றுக்கு ஒரு வயது தாண்டட்டும் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. எல்லாவற்றையும் எடை போட்டு எடுத்த முடிவு என்றால், அந்த ராத்திரியில் உங்களை நீங்களே நிந்தித்துக்கொள்ள வேண்டியதில்லை.

உடனே மருத்துவமனைக்கு!

● ஈறு வெளுத்துப்போவது, வயிறு உப்புவது
● தெளிந்த நாய் மறுபடி துவண்டு, எழ முடியாமல் கிடப்பது
● தூங்கும்போதும் மூச்சு வேகமாக, சிரமப்பட்டு வருவது
● தையலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருப்பது, சீழ், நாற்றம், விளிம்பு விலகல்
● ஒரு நாளுக்கு மேல் சிறுநீர் போகாதது
● இரண்டு நாளாகச் சாப்பிடாதது, திரும்பத் திரும்ப வாந்தி
● உடல் சூடு 103.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது (நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு)

வீடில்லாத நாய்கள்

தெரு நாய்க்கு ஈறைத் தூக்கிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? தெரு நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாற வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்திய அமைப்பு சென்னையின் புளூ கிராஸ். 1996-ல் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-ல் நாடு முழுவதற்குமான விதிகள் வந்தன. 2023-ல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது சாரம். காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் ஆபரேஷன் ஆன நாய் என்று அர்த்தம்.

இந்த நாய்களில் பலவற்றுக்கு நடுவயிற்றில் கீறாமல் விலாப்பக்கம் சிறிதாகக் கீறுகிறார்கள். பிடிக்க முடியாத நாயின் தையலையும் தள்ளி நின்றே பார்த்துவிடலாம் என்பது அதில் ஒரு வசதி. கூம்பு மாட்டவோ கட்டி வைக்கவோ ஆளில்லாத அந்த நாய்க்குக் கூண்டில் கிடைக்கும் சில நாள் ஓய்வுதான் மொத்தக் கவனிப்பும். காயம் உலர்ந்ததா என்று பார்க்காமல் அவசரமாக வண்டியில் ஏற்றி இறக்கிவிட்டால், ஆபரேஷன் செய்ததன் பலனே வீணாகிவிடும். உங்கள் தெருவுக்குத் திரும்பி வந்த நாய்க்கு ஒரு வாரம் சோறு வைத்து, நிழலில் படுக்க இடம் கொடுத்து, விலாவை ஒரு பார்வை பார்த்து, ஈ மொய்த்தால் மாநகராட்சிக்கோ விலங்கு நல அமைப்புக்கோ சொல்லுங்கள்.

ஒரு சீட்டு கேளுங்கள்

நாயைத் திருப்பிக் கொடுக்கும்போது மருத்துவமனைகள் மருந்துச் சீட்டு தருகின்றன. கூடவே தமிழில் அச்சடித்த இன்னொரு சீட்டும் தர வேண்டும். என்ன மயக்க மருந்து கொடுத்தார்கள், உள்ளே கரையும் நூலா, வெளியே பிரிக்கும் நூலா, எத்தனை நாள் ஓடக் கூடாது, ராத்திரி அவசரம் என்றால் எந்த எண்ணைக் கூப்பிடுவது... இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். கிளினிக்கில் பதற்றத்தோடு கேட்டதில் பாதி, ஆட்டோ வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும். தராத இடத்தில் நீங்களே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தச் சீட்டில் கடைசி வரி, தையல் பிரிக்கும் தேதி. தானாகக் கரையும் நூல் என்றாலும், காயம் மூடிவிட்டதுபோலத் தெரிந்தாலும், அன்றைக்குப் போய்க் காட்டிவிடுங்கள். நாய் ஓட ஆரம்பித்துவிட்டது என்பதால் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, “இனி அவிழ்த்து விடலாம்” என்று சொல்ல வேண்டும். அதுவரை சங்கிலி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.